பதிவு இல்லை

ஹீயுமா தீவில் ஆகஸ்ட் பிறந்தால்தான்
இரவு என்று ஒன்று உருப்படியாக வரும்.
அதுவரை பதினொரு மணிக்கும் வானம்
திரிந்த பால் மாதிரி வெளுத்துக் கிடக்கும்.
அந்துப்பூச்சிகளுக்கும் எனக்கும் வேலை இருக்காது.

ஒன்பது வருடமாக, பருவத்தின் எல்லா வெள்ளியும்
ஜூனிப்பர் புதர்களுக்கு நடுவே
இரண்டு கம்பு நட்டு ஒரு வெள்ளை விரிப்பைக் கட்டுவேன்.
பாதரச விளக்கு. இருமிக்கொண்டே இருக்கும் ஜெனரேட்டர்.
வந்து அமர்பவற்றை எண்ணி
இனம், எண்ணிக்கை, காற்று, வெப்பம் என்று
கட்டம் போட்ட நோட்டில் எழுதுவேன்.
பகலில் படகுத்துறையில் கார்களை
வரிசையில் நிறுத்துகிறவன் நான்.
அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை
என்றுதான் நினைத்திருந்தேன்.

லேலோவுக்கு ஐந்து வயது. ஐந்தேகால் என்பாள்.
நான் அவளுக்கு என்ன உறவு என்பதற்கு
வீட்டில் இன்னும் சொல் கிடைக்கவில்லை.
உர்மாஸ் என்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள்,
தபால்காரரைக் கூப்பிடுகிற அதே குரலில்.
வைகேவுக்கு அன்று ஆஸ்பத்திரியில் இரவுப் பணி.
ஆசைப்பட்டெல்லாம் இல்லை,
வேறு வழியில்லாமல்தான் கூட்டிப்போனேன்.

இடம்வலம் மாறிய ரப்பர் பூட்ஸ்,
ஊறுகாய் வெள்ளரி ஒரு பாட்டில்,
காது பிய்ந்த ஆட்டுக்குட்டி பொம்மை.
இவ்வளவும் இல்லாமல் அவள் புறப்படவில்லை.

முதலில் வந்தவை சின்னவை, தவிட்டு நிறம்.
லத்தீன் பெயர் சொன்னேன்.
"அது மருந்தா?" என்றாள்.
பிறகு, மரப்பட்டையைக் கிள்ளி எடுத்தது போல
சாம்பலாய் ஒன்று வந்து ஒட்டியது.
அவள் ஊதினாள். அது சிறகை விரித்தது.
உள்ளே அப்படி ஒரு சிவப்பு.
"உர்மாஸ், இது உள்ளே நல்ல சட்டை போட்டிருக்கு!"
நோட்டில் அந்தக் கட்டமும் இல்லை.

ஏழு, எட்டு, பதினாறு, இருபது என்று
அவள் எண்ண, நான் திருத்த,
நான் எண்ண, அவள் குழப்ப,
பென்சில் முனை ஒடிந்து, சீவக் குனிந்தேன்.

இருட்டு.

ஜெனரேட்டரின் சிவப்புப் பொத்தானில்
அவள் விரல் இன்னும் இருந்தது.
"சத்தம் போடுது," என்றாள்.
சூடு ஆறாமல் அந்த விளக்கு மறுபடி எரியாது,
பத்து நிமிடமாவது ஆகும் என்று
கொஞ்சம் கோபமாகவே சொன்னேன்.
பத்து நிமிடம் என்றால் எவ்வளவு என்று கேட்டாள்.

விட்டில் என்றாலே
விளக்கில் விழுந்து சாகும் என்பார்கள்.
சாவதில்லை. பெரும்பாலும் உட்கார்ந்துவிடும்,
வந்த வேலை மறந்தவர் மாதிரி.
இப்போது ஒவ்வொன்றாக எழுந்துபோயின.
தெரியவில்லை, கேட்டது.
லேலோ துணியில் காதை வைத்துக் கேட்டாள்.
நானும் வைத்தேன், இந்தப் பக்கம்.
கடல் இவ்வளவு பக்கத்தில் இருந்தது
ஒன்பது வருடமாக எனக்குத் தெரியாது.

"நீ நிறுத்தறதுக்கு முன்னாடி
இதெல்லாம் எங்கே போய்க்கிட்டிருந்துச்சு?"

யோசித்தேன்.
"தெரியாது."
"கேட்டிருக்கலாம்," என்றாள்.
வெள்ளரித் தண்ணீரில் நனைந்த கை ஒன்று
இருட்டில் தேடி வந்து
என் கட்டைவிரலை மட்டும் பிடித்துக்கொண்டது.

பத்து நிமிடத்துக்குப் பின்
இப்பவே போடு, சிவப்புச் சட்டை வேணும் என்று
அவளே அழுதாள்.
போட்டேன். அது வரவில்லை.
வாய் திறந்தபடி தூங்கிப்போனாள்.

ஆகஸ்ட் பதினொன்று: பதிவு இல்லை.
கண்டவர்: உர்மாஸ், லேலோ.

காலையில் வைகே பூட்ஸைத் தலைகீழாக உதறியபோது
மணலோடு ஒன்று விழுந்தது, உயிரோடு.
என்ன இனம் என்று பார்க்கக் குனிவதற்குள்
ஜன்னலைத் திறந்துவிட்டாள் லேலோ.